மாமி போட்ட வளையல்

அத்தியாயம் 14

போன வாரம் முபீனாவை எந்தக் கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? எதிரே கம்ப்யூட்டர், கண்ணில் தண்ணீர். தண்ணீர் காய்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் அதே மேஜையில் அதே வீம்போடு உட்கார்ந்திருக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மரக்காணத்தில் உப்பு வியாபாரம் செய்யும் நூர் முஹம்மது வீட்டு மூத்த மருமகள் முபீனா. கல்யாணத்துக்கு முன்பே பாண்டிச்சேரியில் டைப்ரைட்டிங் ஹையரும் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்சும் முடித்தவள். கணவன் உமைர் ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பர். இந்த எண்பத்தொன்பதாம் வருஷப் பெருநாள் லீவுக்கு வந்தவன், கம்பெனியில் கழித்துவிட்ட ஒரு மடக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போனான். சூட்கேஸ் மாதிரி மூடியைத் திறந்தால் மூடிக்குள் திரை, கீழே எழுத்துப் பலகை. மரக்காணமே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

பெருமுக்கல் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் நன்கொடையாக வந்து இறங்கியிருக்கின்றன. சொல்லித் தரத்தான் ஆள் இல்லை. முபீனாவைப் பற்றிக் கேள்விப்பட்ட தலைமையாசிரியை சிஸ்டர் ஆரோக்கியசெல்வி, "நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை மூன்று மணிக்கு. அந்தச் சனிக்கிழமைதான் இன்று விடிந்திருக்கிறது.

மாமியார் சைத்தூன் பீவி போட்ட நிபந்தனையையும் சொல்லிவிடுகிறேன்.

"சிஸ்டரம்மா எதிர்ல ஒழுங்கா ஓடுச்சுன்னா போய் வேலை பாரு, நான் குறுக்க நிக்க மாட்டேன். அவங்க எதிர்ல அணைஞ்சுதுன்னா, திங்கக்கிழமை உன் கொழுந்தன் முஜீபு அதைத் தூக்கினு மெட்ராஸ் போய் வித்துடுவான். அப்புறம் வேலைன்ற பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது."

அணைகிறதுதானே வியாதி! ஒரு மாதமாக முபீனா உட்கார்ந்தால் அந்தத் திரை அணைகிறது. மற்ற யார் தொட்டாலும் ஜம்மென்று எரிகிறது.

* * *

காலை ஒன்பது மணிக்கு முபீனா "பிஸ்மில்லாஹ்" சொல்லிப் பெட்டியைத் திறந்தாள். டைப் இன்ஸ்டிடியூட்டில் அடித்துச் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கை விரல்களையும் அதனதன் இடத்தில் வைத்து, முதுகை நிமிர்த்தி, அடிக்க ஆரம்பித்தாள். ஒரு வரி போனது. இரண்டாவது வரி போனது. மூன்றாவது வரியின் பாதியில் திரை கறுத்துப் போயிற்று.

"முஜீப் தம்பி! சீக்கிரம் வாங்க, அணைஞ்சிடுச்சு!" என்று கையைத் தூக்கி ஆட்டிக் கூப்பிட்டாள்.

கொழுந்தன் முஜீப் ரஹ்மான் இட்லித் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"எங்க அணைஞ்சிருக்கு? பளிச்சுன்னு எரியுது."

முபீனா திரும்பினாள். எரிந்தது. அவள் அடித்த இரண்டரை வரியும் அப்படியே இருந்தது.

"இப்பதான் அணைஞ்சிருந்துச்சு தம்பி. சத்தியமா."

"தள்ளுங்க." அவன் இட்லித் தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலால் கோழி கொத்துகிற மாதிரி தன் பேரைக் கொத்தினான். ஒரு கோளாறும் இல்லை. இன்னொரு தடவை கொத்தினான். அப்பவும் இல்லை.

"எனக்கு ஓடுது. எங்க அத்தாவுக்கு, உங்க மாமனாருக்கு, ஓடுது. நேத்து மீன் கொண்டாந்த சுப்ராயன் ஆசையா ஒரு தட்டு தட்டினாரு, அவருக்கும் ஓடுச்சு. உங்களுக்கு மட்டும்தான் அணையுது. நான் சொன்னா கோச்சுக்குவீங்க அண்ணி."

"சொல்லுங்க, பரவால்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சில பேர் கைக்கு ராசி இருக்கும். சில பேர் கைக்கு இருக்காது. அவ்ளோதான்."

அடுக்களையிலிருந்து சைத்தூன் பீவி வந்தாள். "டேய்! நம்ம மார்க்கத்துல ராசி கீசின்னு ஒண்ணும் கிடையாது. வாயை மூடினு துன்னு" என்று மகனை ஒரு அதட்டு அதட்டினாள்.

அதட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மருமகளின் கைகளை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதை முபீனா பார்த்துவிட்டாள். கொழுந்தன் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டவளுக்கு இது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

அந்தக் கையில் மாமி போட்ட வளையலே கிடந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் உமைர், ஊருக்கு வந்த ஒரு ஆளிடம் தன் தாயாருக்கென்று கொடுத்தனுப்பிய வளையல் அது. தங்கக் கலரில், முழு வட்டமாக மூடாமல், இரண்டு முனையிலும் குண்டுமணி அளவுக்கு உருண்டை வைத்தது. போட்டுக்கொண்டால் கை வலி, தலை வலி, பிரஷர் எல்லாம் போய்விடுமாம். சைத்தூன் பீவியின் சதைப் பிடிப்பான மணிக்கட்டில் அது ஏறவே மாட்டேன் என்றது. அந்த வாரம் முபீனாவுக்கு ஓயாத தலைவலி. "இந்தா, நீ போட்டுக்க. குளிக்கிறப்பக்கூடக் கழட்டாத" என்று மாமியே இடது கையில் மாட்டிவிட்டாள். மாமியார் கையால் போட்டதை மருமகள் தானாகக் கழற்றுவது அந்த வீட்டில் வழக்கமில்லை.

"முபீனா, பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடலாமா?" என்றாள் சைத்தூன் பீவி. குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. "வெளி ஆளுங்க எதிர்ல அசிங்கமாப் போறதுக்கு, நாமளே மரியாதையா..."

"வேணாம் மாமி. வரட்டும்."

"அணைஞ்சா?"

"அணைஞ்சா நீங்க சொன்னபடியே செய்யுங்க."

சொல்லிவிட்டாள். வாய் சொன்ன தைரியம் வயிற்றில் இல்லை. முஜீப்புக்கோ முகமெல்லாம் சிரிப்பு. பர்மா பஜாரில் பெட்டியைக் கொடுத்துவிட்டு வீடியோ டெக் மாற்றிக்கொள்ளலாம், கல்யாண வீடுகளில் கேசட் போடலாம் என்று அவன் கணக்கே போட்டு முடித்துவிட்டான்.

* * *

மதியம் ஒன்றரை மணிக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற உப்புக் கொட்டகைக்கு டீ போக வேண்டும். மாமனார் நூர் முஹம்மது உப்பள நிலத்துக் குத்தகை விஷயமாக வானூர் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். வீட்டுக்குள் இருந்தால் மூச்சு முட்டுகிறது என்று முபீனாவே டீத்தூக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

கொட்டகையில் கூரை தொடுகிற அளவுக்கு வெள்ளை வெளேரென்று உப்பு. மூட்டைகளின் வாயைச் சேர்த்துப் பிடித்துச் சணலால் தைத்துக்கொண்டிருந்தாள் சவரியம்மாள். சாண் நீளத்துக் கோணி ஊசி அவள் கையில் மேலும் கீழும் போய் வந்தது.

"இன்னாம்மா, மூஞ்சி இன்னாத்துக்கு உப்புப் போட்ட மாங்கா மாதிரி இருக்குது? பொட்டி இன்னிக்கும் பட்டுனு அணைஞ்சிடுச்சா?"

"உங்களுக்கும் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். உங்க கொயுந்தனாரு இருக்கிறப்ப தண்டோரா எதுக்கு?"

முபீனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சவரியம்மாள் ஊசியை மூட்டை மேல் வைத்துவிட்டு டம்ளரை நீட்டினாள். முபீனா இடது கையை மூட்டை மேல் ஊன்றிக் குனிந்து, வலது கையால் டீயை ஊற்றினாள்.

டக்கென்று ஒரு சத்தம்.

"ஐயையோ, கை! ஊசி குத்திடுச்சா?" என்று பதறினாள் சவரியம்மாள்.

"இல்லியே."

"அப்ப இன்னாத்துக்கு ஊசி உன் கையில தொங்குது?"

முபீனா கையைத் தூக்கிப் பார்த்தாள். சாண் நீள ஊசி வளையலின் உருண்டையில் ஒட்டிக்கொண்டு ஆடியது. உதறினாள். விழவில்லை. பிடித்து இழுத்த பிறகுதான் விட்டது. பக்கத்தில் கொண்டுபோனாள். தானாகத் தாவி வந்து மறுபடி ஒட்டிக்கொண்டது.

"காந்தம்மா இது!" என்று சவரியம்மாள் கைகொட்டிச் சிரித்தாள். "எங்க ஊட்டுக்காரரு பழைய ரேடியோவை ஒடைச்சு இந்த மாதிரி ஒரு துண்டு எடுத்து வெச்சிருக்காரு. ஊசி உப்புக்குள்ள போயிடுச்சுன்னா கயித்துல கட்டி உட்டுத் துழாவுவோம். அதுவா புடிச்சினு வந்துடும். நீ இன்னாடான்னா அதையே நகையா மாட்டினு திரியிற!"

ஒரு மாதமாகக் கையில் கிடக்கிற வளையல் காந்தம் என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. எப்படித் தெரியும்? அடுக்களையில் அலுமினியமும் எவர்சில்வரும். இரும்புத் தோசைக்கல்லை இடது கையால் யார் தொடுகிறார்கள்?

முபீனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

இடது கை. ஒரு மாதம். இந்த வளையல் வந்ததும் ஒரு மாதம்தான். அது வரும்வரை பெட்டி ஒரு நாளும் அணைந்ததில்லை. உமைர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தபோது மணிக்கணக்கில் அடித்தாளே, அணைந்ததா?

"சவரியம்மா, இந்த ஊசியைக் கொஞ்சம் குடுங்க."

"மூட்டையை எத வெச்சுத் தைக்கிறது, பல்லாலயா?"

"பத்து நிமிஷம்! தந்துடுறேன்!" டீத்தூக்கை அங்கேயே போட்டுவிட்டு முபீனா ஓடினாள். உப்பில் வழுக்கி, எழுந்து, மறுபடி ஓடினாள்.

* * *

ஹாலில் யாரும் இல்லை. மாமி மதிய லுஹர் தொழுகையில். முஜீப் கடைத்தெருவில்.

முதலில் பெட்டியைத் திறந்து வைத்தாள். இடது மணிக்கட்டை மெதுவாகப் பலகையின் இடது மூலைக்குக் கொண்டுபோனாள். வளையல் உருண்டை அந்த மூலைக்கு நேரே வந்ததுதான் தாமதம், திரை அணைந்தது. கையை எடுத்தாள். எரிந்தது. வைத்தாள், அணைந்தது. எடுத்தாள், எரிந்தது.

"யா அல்லாஹ்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

சரி, அணைகிறது. ஆனால் ஏன் அணைகிறது? காந்தத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன உறவு? அதுதான் தெரிய வேண்டும். தெரியாமல் விட்டால் காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பான் கொழுந்தன்.

யோசித்தாள். வேலை முடிந்ததும் தினமும் மூடியை இறக்குகிறாளே, அப்போது என்ன நடக்கும்? மூடி முழுசாகப் படிவதற்கு முன்னாலேயே, இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கும்போதே, திரை தானாக அணைந்துவிடும். தினமும் பார்த்ததுதான். மூடி இறங்குகிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரிகிறது? மூடி வந்து அழுத்துகிற பொத்தான் ஏதாவது இருக்கிறதா? விரலால் சுற்றிலும் தடவினாள். ஒரு பொத்தானும் இல்லை.

கோணி ஊசியை எடுத்து, மூடியின் விளிம்பு ஓரமாக மெல்ல இழுத்துக்கொண்டே போனாள். வலது மூலை, ஒன்றுமில்லை. நடுவில், ஒன்றுமில்லை. இடது மூலைக்கு வந்ததும் ஊசி லேசாக இழுபட்டு, பிளாஸ்டிக் மேல் ஒட்டிக்கொண்டது.

மூடிக்குள்ளே ஒளித்து வைத்த ஒரு துண்டுக் காந்தம்! மூடியை இறக்கினால் அந்த மூலை சரியாகப் பலகையின் இடது மூலை மேல் வந்து உட்கார்கிறது. அங்கே, உள்ளே, காந்தம் வருகிறதா என்று காத்துக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு சுவிட்சு. காந்தம் வந்தால் மூடியை மூடியாயிற்று என்று அர்த்தம், விளக்கை அணை. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வந்தது மூடியின் காந்தமா, மாமி போட்ட வளையலா என்று அதற்கு எங்கே தெரியப் போகிறது?

ஒற்றை விரலால் கொத்துகிற முஜீப்புக்கு அணையாததன் மர்மமும் புரிந்துவிட்டது. முறையாகக் கற்றுக்கொண்டு, இரண்டு கையையும் அதனதன் இடத்தில் வைத்து அடிக்கிறவளுக்குத்தான் இடது மணிக்கட்டு அந்த மூலைக்கு வரும். ஒரு மாதம் ராசி இல்லாதவள் என்று பேர் வாங்கியது, ஒழுங்காக டைப் அடிக்கத் தெரிந்த குற்றத்துக்காக! முபீனாவுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதித்தே விட்டாள்.

குதித்து இறங்கியதும்தான் அடுத்த கவலை வந்தது. வளையலைச் சத்தம் காட்டாமல் கழற்றி வைத்துவிட்டால் மூன்று மணிக்கு எல்லாம் நல்லபடியாக முடியும். ஆனால் வெறும் கையை மாமி அரை நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். நான் போட்டதைக் கழட்டிட்டியா என்பாள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ராசி இல்லாத கை என்ற பேர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஏதோ ஓடிவிட்டது என்றுதானே சொல்வார்கள்? வேலையும் வேண்டும், அந்தப் பேரும் போக வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று முபீனாவால் இருக்க முடியவில்லை.

மாமி தொழுதுவிட்டு எழுந்ததும் பக்குவமாகச் சொல்லிக் கேட்டுக் கழற்றலாம் என்று முடிவு செய்தாள். அதற்குள் வாசலில் சத்தம் கேட்டது.

"வீட்ல யாருங்க? நான் சிஸ்டர் ஆரோக்கியசெல்வி. பஸ்சு சீக்கிரமே கிடைச்சிடுச்சு, அதான் முன்னாடியே வந்துட்டேன்."

* * *

ஹாலில் சபை கூடிவிட்டது. சிஸ்டர் நாற்காலியில். சைத்தூன் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரே. கடைத்தெருவிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்த முஜீப் கதவில் சாய்ந்து நின்றான். ஊசியைத் தேடி வந்த சவரியம்மாள் கொல்லைப்புற வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சிஸ்டர் ரோஸ் மில்க்கை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆரம்பிங்கம்மா" என்றார்.

முபீனா ஆரம்பித்தாள். இடது கையை அந்த மூலையில் படாமல் உயரத் தூக்கி வைத்துக்கொண்டு அடித்தாள். பள்ளியின் பேரை அடித்தாள். பத்து மாணவிகளின் பேரை அடித்து, அகர வரிசையில் மாற்றிக் காட்டினாள். தப்பாக அடித்த பேரை அழிக்காமல் திருத்திக் காட்டினாள். திரை அணையவில்லை. முஜீப்பின் முகம் தொங்கிக்கொண்டே வந்தது.

"நல்லா பண்றீங்க" என்றார் சிஸ்டர். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஒண்ணு கேக்கலாமா? நானும் ஒரு காலத்துல டைப் படிச்சவதான். இடது கையை ஏன் அந்தரத்துல தூக்கி வெச்சிருக்கீங்க? அப்படி யாரும் சொல்லித்தர மாட்டாங்களே. பிள்ளைங்க உங்களைப் பார்த்துத்தான் பழகும்" என்றார்.

முபீனா கொழுந்தனைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். ஆவது ஆகட்டும்.

"சரியா வெக்கிறேன் சிஸ்டர். என்ன ஆகுதுன்னு பாருங்க."

கையை இறக்கினாள். திரை கறுத்தது.

"பாத்தியாம்மா!" என்று குதித்தான் முஜீப். "அணைஞ்சிடுச்சு! சிஸ்டர் எதிர்லயே அணைஞ்சிடுச்சு! நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

சைத்தூன் பீவி கண்ணை மூடிக்கொண்டாள். "போச்சு" என்று அவள் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

"இப்ப எரியும் பாருங்க" என்றாள் முபீனா. கையைத் தூக்கினாள். எரிந்தது.

"இப்ப அணையும்." அணைந்தது.

"இப்ப எரியும்." எரிந்தது.

சிஸ்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அட! எப்படிம்மா?"

முபீனா மாமியின் பக்கம் திரும்பினாள். ஒரு மாதத்து அவமானத்தை வட்டியோடு திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. "நீங்க போட்ட வளையலாலதான் எனக்கு இந்தக் கேடு" என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டாள்.

"எல்லாம் எங்க மாமி போட்ட வளையலோட சக்தி சிஸ்டர்" என்றாள். "வலி போறதுக்கான வளையல், உள்ள காந்தம் இருக்குது. இந்தப் பொட்டியோட மூடியிலயும் இந்த மூலையில ஒரு காந்தம் வெச்சிருக்காங்க. மூடி கீழ வர்றப்ப அந்தக் காந்தத்தை வெச்சுத்தான் பொட்டிக்கு மூடியாச்சுன்னு தெரியும், உடனே வெளக்கை அணைச்சிடும். மாமி வளையல்ல இருக்கிற காந்தம் அதைவிட ஜோரா இருக்கு. என் கை கிட்ட வந்தாலே மூடிட்டாங்கன்னு பொட்டி ஏமாந்து போயிடுது."

கோணி ஊசியை மூடியின் மூலையில் வைத்துக் காட்டினாள். ஒட்டியது. வளையலில் வைத்துக் காட்டினாள். தாவிக்கொண்டு ஒட்டியது.

"ஐயே, அது என் ஊசி!" என்றாள் சவரியம்மாள் வாசலிலிருந்து.

சைத்தூன் பீவி மெல்ல எழுந்து வந்தாள். மருமகளின் கையைப் பிடித்து வளையலைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று முபீனாவுக்குப் புரியவில்லை.

"என் வளையலுக்கு அவ்ளோ சக்தியா?"

"ஆமா மாமி."

"அப்ப உன் கையில ஒண்ணும் இல்ல?"

"என் கையில ஒண்ணுமே இல்ல மாமி. நீங்களே கழட்டிட்டுப் பாருங்க."

மாமி தன் கையாலேயே வளையலைக் கழற்றினாள். "ம், இப்ப அடி" என்றாள். முபீனா முறைப்படி இரண்டு கையையும் வைத்து அடித்தாள். அவள் விரல்கள் அப்படி ஓடி ஒரு மாதமாயிற்று. ஒரு பக்கம் முழுக்க அடித்தாள், நிறுத்தாமல், எழுத்துப் பலகையைப் பார்க்காமல். திரை ஒரு சிமிட்டல்கூடச் சிமிட்டவில்லை. சிஸ்டர் வாய்விட்டு "சபாஷ்" என்றார்.

"டேய் முஜீபு, இங்க வா" என்றாள் சைத்தூன் பீவி.

"எதுக்கும்மா?"

"வாடான்னா."

வந்தவனின் இடது கையைப் பிடித்து வளையலை மாட்டினாள். "என்னாம்மா இது, பொம்பள வளையல்..." என்று நெளிந்தான் அவன்.

"அண்ணி வெச்ச மாதிரி கையை வெச்சு அடி."

வைத்தான். திரை அணைந்தது. எடுத்தான், எரிந்தது. மறுபடி வைத்தான். மறுபடி அணைந்தது.

"இப்ப சொல்லுடா, யாரு கைக்கு ராசி இல்ல?"

சவரியம்மாள் சிரித்த சிரிப்பு கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும். சிஸ்டரும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். முஜீப் வளையலைக் கழற்றப் பார்த்தான். அவன் மணிக்கட்டில் அது இறுக்கமாக மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க மெஷின் ரெண்டும் அப்பப்ப தகராறு பண்ணுது. தொடவே பயமா இருக்குது எங்களுக்கு. ஏன் நின்னுதுன்னு தேடிப் பாக்கிற ஆள்தான் எங்களுக்கு வேணும். திங்கட்கிழமையே வந்துடுங்கம்மா" என்றார். பிறகு சைத்தூன் பீவியைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

நிபந்தனை நிபந்தனைதானே? சிஸ்டர் எதிரில் அணைந்துதான் இருக்கிறது, ஒரு தடவை இல்லை, பல தடவை.

"அண்ணனை ஒரு வார்த்தை கேக்கணும்" என்றான் முஜீப், இன்னும் வளையலோடு போராடிக்கொண்டே.

"உங்க அண்ணனைப் பெத்தவ நான். எனக்கே ரூல்ஸ் சொல்றியா?" என்று திரும்பினாள் சைத்தூன் பீவி. "சிஸ்டரம்மா, எங்க வீட்டுப் புள்ள வரும். திங்கக்கிழமை முதல் நாளு நானே கூட வந்து விட்டுட்டு வர்றேன், இன்ஷா அல்லாஹ்."

முபீனாவுக்கு அழுகை வந்துவிட்டது. போன வாரத்து அழுகை இல்லை இது. மாமி அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நானும் தப்பா நெனச்சுட்டேன் புள்ள. மனசுல வெச்சுக்காத" என்றாள், முபீனாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

* * *

சிஸ்டரை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சவரியம்மாள் தன் ஊசியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சோப்பு போட்டுத் தேய்த்து ஒருவழியாக வளையலைக் கழற்றியிருந்த முஜீப் ஹாலின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

"என்னா தம்பி?" என்றாள் முபீனா. ஜெயித்தவளுக்குக் கோபம் எங்கே இருக்கும்? குரல் இதமாகத்தான் இருந்தது.

"அண்ணி... நான் ஒரு வேலை பண்ணிட்டேன்."

"என்ன வேலை?"

"மூணு வாரத்துக்கு முன்னாடி அண்ணனுக்கு லெட்டர் போட்டேன். பொட்டி கெட்டுப் போச்சு, அண்ணிக்கும் அதுல இஷ்டம் இல்ல, வித்துடச் சொல்லிட்டாங்கன்னு..."

"அடப்பாவி!" என்றாள் சைத்தூன் பீவி.

"இதைக் குடுத்தா, நான் எப்ப அப்படிச் சொன்னேன்னு நீங்க கேப்பீங்கன்னு தெரியும் அண்ணி. அதான்..." சட்டைப்பைக்குள் கையை விட்டு ஓரம் கசங்கிய ஒரு ஏர்மெயில் கவரை எடுத்தான். ஷார்ஜா ஸ்டாம்பு. முபீனாவின் பேர், உமைரின் கையெழுத்தில். "காலையில வந்துச்சு. உங்க பேருக்குத்தான். பிரிக்கல அண்ணி, சத்தியமா. குடுக்கவும் பயம்."

முபீனா கவரை வாங்கினாள். இரண்டு வருஷத்துத் தாம்பத்தியத்தில் இவ்வளவு கனமான கவர் அவனிடமிருந்து வந்ததில்லை. உள்ளே நாலைந்து தாளாவது இருக்கும். பொய்யை நம்பி என்னென்ன எழுதியிருக்கிறானோ? ஒருவேளை நம்பவில்லையோ?

"பிரிச்சுப் படியேன்டி" என்றாள் மாமி. அவளுக்கே பொறுக்கவில்லை.

"படிக்கிறேன் மாமி. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுறேன். இதுல அவரு என்ன எழுதி இருந்தாலும் சரி, திங்கக்கிழமை நான் போறேன்."

ஒரு மாதம் முன்னால் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்த வீடு என்ன ஆகியிருக்கும்? சைத்தூன் பீவி மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போறோம்னு சொல்லு" என்றாள்.

முபீனா கவரின் ஓரத்தைக் கிழித்தாள்.